ஸ்கோர் ஷீட்டில் இல்லாதவர்கள்

(செங்கல்பட்டில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“தகுதி, திறமை” பற்றி இன்று பேச வேண்டும். அதற்கு ஒரு பழைய கூடைப்பந்து ஸ்கோர் ஷீட்டை எடுத்துக்கொள்கிறேன். ஏன் கூடைப்பந்து என்றால், விளையாட்டில்தான் சாதிக்கும் நிறத்துக்கும் வேலையில்லை, எண்கள் மட்டும்தான் பேசும் என்று எல்லோரும் நம்புகிறோம்.

1946 நவம்பர் 1. கனடாவின் டொரன்டோ நகரம். நியூயார்க் நிக்ஸ் அணியும் டொரன்டோ ஹஸ்கீஸ் அணியும் மோதுகின்றன. நீங்கள் செல்போனில் பார்க்கும் என்.பி.ஏ. தொடரின் முதல் ஆட்டம் என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான். அன்றைக்கு அந்தத் தொடரின் பெயர் பி.ஏ.ஏ. நிக்ஸ் 68, ஹஸ்கீஸ் 66. முதல் கூடை போட்டவர் நிக்ஸின் ஆஸி ஷெக்ட்மன். அதிகப் புள்ளிகள் ஹஸ்கீஸின் எட் சடோவ்ஸ்கிக்கு, 18. நிக்ஸ் தரப்பில் லியோ காட்லிப் 14.

இந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் இன்றைய ஸ்கோர் ஷீட்டை அதன் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எம்பிப் பிடிக்கிறோமே, ரீபவுண்ட், அதற்கு அன்று கணக்கே கிடையாது. 1950-51 பருவத்தில்தான் அதை எண்ணத் தொடங்கினார்கள். எதிராளி எறியும் பந்தைத் தடுக்கும் பிளாக்கும், பந்தைப் பறிக்கும் ஸ்டீலும் 1973-74இல்தான் கணக்கில் ஏறின. பாஸ்டன் அணிக்காக 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்ற கருப்பின வீரர் பில் ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றார். பந்தைத் தடுப்பதில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். எத்தனை பிளாக் செய்தார் என்று கேட்டால் அதிகாரப்பூர்வமான விடை இல்லை. அவர் செய்தார், எண்ணுவதற்குத் தாளில் இடமில்லை.

அந்த 1946ஆம் ஆண்டுத் தாளில் இன்னொன்றும் இல்லை. ஒரு கருப்பினப் பெயர்கூட இல்லை.

கருப்பின மக்களில் ஆடத் தெரிந்தவர்கள் இல்லையா? நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1923இலேயே பாப் டக்ளஸ் ‘ரென்ஸ்’ என்ற கருப்பினத் தொழில்முறை அணியைத் தொடங்கிவிட்டார். 1932-33இல் அந்த அணி தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்றது. 1939இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் வெள்ளையர் அணியான ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸை 34-25 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. ஏழு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய பி.ஏ.ஏ.வில் ரென்ஸ் அணிக்கு இடமில்லை. வெற்றிக் கணக்கு கையில் இருந்தது. கதவு பூட்டியிருந்தது.

கதவு திறந்தது 1950இல். அக்டோபர் 31 அன்று வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காக எர்ல் லாய்ட் களமிறங்கினார். என்.பி.ஏ. ஆட்டத்தில் ஆடிய முதல் கருப்பின வீரர் அவர். அன்று அவர் எடுத்தது 6 புள்ளிகள், 10 ரீபவுண்டுகள். ரீபவுண்டை எண்ணத் தொடங்கிய அதே பருவம் என்பதைக் கவனியுங்கள். முந்தைய ஆண்டின் தாளாக இருந்திருந்தால் “6 புள்ளி, சுமாரான ஆட்டம்” என்று முடிந்திருக்கும். ஆள் அதே ஆள்தான், உழைப்பும் அதே உழைப்புதான். ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டதும் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, உள்ளே விட்டு, நேர்மையாக எண்ணியும் விட்டால் போதுமா? அதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. கிரிக்கெட் தாளில் விக்கெட்டுக்குக் கட்டம் உண்டு, எல்லாம் பதிவானது. ஆனால் புனேயில், அவர் பந்துவீசி ஜெயித்துக் கொடுத்த அணியினர் உள்ளே கோப்பையில் தேநீர் குடித்தபோது, அவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் தலைவர் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது. எண் சாட்சி சொன்னது. தீர்ப்பு எழுதும் இடத்தில் சாதி உட்கார்ந்திருந்தது.

இந்த மண்ணுக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. கூடைப்பந்து பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவில். அதே 1891இல்தான் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். யாருக்கு நிலம் இல்லை, யார் கடனில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பது தாளில் ஏறியது. 1892இல் அரசாணை வந்தது. அதன் வழியாக ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். தாளில் ஏறிய நிலம் எத்தனை பேர் கையில் நின்றது? அதை மீட்கக் கேட்ட காரணை போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரை இழந்தோம்.

ஆகவே தோழர்களே, மார்க்கையும் கட்-ஆஃபையும் காட்டி “இதுதான் தகுதி” என்று யாராவது சொன்னால், எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், எண்ணை வெறுக்கவும் வேண்டாம். கேள்வி கேளுங்கள். ஆடுகளத்துக்குள் யாரை விட்டீர்கள்? எதை எண்ணினீர்கள், எதை விட்டீர்கள்? எண்ணி முடித்த பிறகு முடிவெடுக்கும் நாற்காலியில் யார் இருக்கிறார்கள்? 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி முழுக் கணக்கை வெளியிடாத நாட்டில் இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

ஊரில் போட்டி நடத்துகிறீர்கள். காலனி அணியைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னால் அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு நீங்களே ஸ்கோர் எழுதுங்கள், தேர்வுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தனுப்புங்கள். உங்கள் கிராமத்துப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். நாளைக்கே தொடங்கலாம்.