வாயில்லா உயிரும் கடற்பயணமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் சங்க இலக்கியம் பேசிய புலவர்கள் உண்டு. கம்பன் கவியைக் கடைந்து அமுதம் தந்த அறிஞர்கள் உண்டு. அடியேன் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய்க் காலம் கழிப்பவன். ஆதலின் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேச விழைகின்றேன். நாயையும் பூனையையும் உடன் அழைத்துக்கொண்டு கடல் கடப்பது எங்ஙனம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இஃதென்ன பொருள் என்று சிலர் நகைக்கலாம். ஆனால் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடியிருப்பின் சிறுவர்கள் என்னைத் தெருவில் மறித்து, "மாமா, எங்கள் நாய்க்கும் டிக்கெட் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்கின்றனர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. அது சின்னாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ஆம் நாள் 'சிவகங்கை' என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கிற்று. அதுமுதல், யாழ்ப்பாணத்தில் உறவினர் உள்ள பெரியோர்களும் அதே கேள்வியைக் கேட்கத் தலைப்பட்டுள்ளனர். சிறுவர்க்கும் பெரியோர்க்கும் சேர்த்தே இன்று விடை கூற முயல்கின்றேன்.

தமிழர்க்கும் ஈழத்திற்கும் இடையே கப்பல் ஓடுவது புதிதன்று. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலேறி, ஏறத்தாழ இருபத்திரண்டு மைல் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என ஆங்கிலப் பிரபுக்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் அங்கே ஓடின. பின்னர் இர்வின், கோஷன் என்பன வந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியையே விழுங்கிற்று. அதற்குப் பின் இராமேசுவரத்திலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடிற்று. ஈழத்தில் மூண்ட போரினால் 1980-களில் அதுவும் நின்றது.

இக்கடற்பாதையில் மண்டபம் முகாம் என்றோர் இடம் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் மக்கள் கப்பலேறு முன்னர் அம்முகாமிலே நிறுத்தப்பட்டனர். காலரா, அம்மை, பிளேக் போன்ற நோய்கள் உடன் வந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அவர்களை மருத்துவர் சோதித்தனர். உடைகளை மருந்து நீரிலும் ஆவியிலும் இட்டனர். சில நாட்கள் அங்கேயே தங்க வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே அனுப்பினர். இன்று நாய்க்குக் கேட்கப்படும் சான்றிதழ், அன்று தமிழ்க் கூலிக்குக் கேட்கப்பட்டது. தடுப்பு முகாம் என்றால் என்னவென்பது நம் முன்னோர்க்கு ஏட்டறிவன்று, பட்டறிவு. ஆதலின் வாயில்லா உயிரைத் தடுத்து நிறுத்துகின்றார்களே என்று நாம் வருந்துவது இயல்பே. ஆயினும் அத்தடையின் காரணத்தையும் நாம் உணர வேண்டும்.

காரணம் வெறிநாய்க்கடி நோய். அந்நோயின் கிருமி ஒரு நாயின் உடலிற் புகுந்து, வாரக்கணக்கில், சிற்சமயம் மாதக்கணக்கில், எவ்வித அறிகுறியுமின்றி மறைந்திருக்க வல்லது. அறிகுறி தோன்றிவிட்டாலோ, மனிதராயினும் விலங்காயினும் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டின் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பு மருந்து கண்டார். நம் நீலகிரியின் குன்னூரிலே 1907-ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. நிலத்தால் இணைந்த நாடுகளில் இந்நோயை எல்லையிலே தடுப்பது கடினம். தீவுகளுக்கோ கடலே மதில். இந்திய நாடெங்கும் இந்நோய் உண்டாயினும், அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இலட்சத்தீவுகளும் இந்நோய் இல்லாதவை. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குக் கப்பலேறுவோர் நாயை உடன் கொண்டு செல்ல இயலாமைக்குக் காரணம் இதுவே. இங்கிலாந்தும் அங்ஙனமே, அயல்நாட்டிலிருந்து வரும் நாயையும் பூனையையும் ஆறு மாதம் தனித்து வைத்த பின்னரே உள்ளே விட்டது. தடுப்பூசியும் இரத்தச் சோதனையும் நம்பத்தக்கனவாய் வளர்ந்த பின்னர், 2000-ஆம் ஆண்டிலேதான் அவ்விதி தளர்ந்தது.

இனி, பெங்களூரிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கடலுக்கு முன் அவர்கள் கடக்க வேண்டியது இரயில். அது என் துறை. ஆதலின் சற்று விரிவாகவே சொல்லுவேன். முதல் வகுப்பில் இருவர்க்குரிய கூபேயையோ, நால்வர்க்குரிய அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்தவர் மட்டுமே நாயைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம். படுக்கை வகுப்பிலோ, குளிர்சாதன இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளிலோ இடமில்லை. மற்றையோரின் நாய், பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டியில் செல்ல வேண்டும். எதுவாயினும், வண்டி புறப்படுமுன் பார்சல் அலுவலகத்திற்கு வந்து, கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். பெறாமல் அழைத்துச் சென்று பிடிபட்டால் பன்மடங்கு கட்டணம் விழும். எல்லா வண்டியிலும் எல்லா வசதியும் இருப்பதில்லை; ஆதலின் சில நாட்கள் முன்னரே வந்து கேட்டறிவது நன்று.

கட்டணம் செலுத்தியதோடு கடமை முடிந்ததென்று எண்ணுவோர் உளர். ஒரு சந்திப்பு நிலையத்தில், நல்ல வெயிற்காலத்தில், ஒருவர் தம் நாயை நாய்ப்பெட்டியில் ஏற்றிவிட்டுத் தம் குளிர்சாதனப் பெட்டிக்குச் சென்றார். ஏழு மணி நேரம் கழித்தே எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு கிண்ணம் கூட இல்லை. இடையிலொரு நிலையத்தில், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் தம் புட்டித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி ஊட்டியதனால் அந்நாய் பிழைத்தது. அத்தொழிலாளி எந்த விதிநூலும் படித்தவரல்லர். ஆனால் அவர் செய்ததைத்தான் சட்டமும் சொல்லுகின்றது. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னரே நாய்க்கும் பூனைக்கும் உணவும் நீரும் தந்திருக்க வேண்டும். கோடையில் நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறையும், குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறையும் நீர் தர வேண்டும். வளர்ந்தவற்றிற்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையும், குட்டிகளுக்கு நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறையும் உணவளிக்க வேண்டும். நோயில்லை என்னும் கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும்.

அடுத்தது கரை. இந்நாட்டை விட்டு ஒரு நாயோ பூனையோ வெளியேற வேண்டுமானால், நடுவணரசின் விலங்குத் தடுப்புச் சான்றளிப்பு நிலையத்திலே நலச்சான்று பெற வேண்டும். அந்நிலையங்களுள் ஒன்று நம் பெங்களூரிலேயே உள்ளது. தடுப்பூசியால் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாயிற்றா என அறிய இரத்தச் சோதனை கேட்கும் நாடுகளும் உள. அச்சோதனைத் துறையில் உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்ட ஆய்வகம் ஒன்று நம் ஹெப்பாளக் கால்நடைக் கல்லூரியில் இருப்பது, நாம் வாழும் இந்நகர்க்குப் பெருமையன்றோ! இலங்கைக் கரையிலோ, அந்நாட்டின் விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தினிடம் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். இவையனைத்திற்கும் மேலாக, நாயை ஏற்றிக்கொள்ள அக்கப்பல் இசைகின்றதா என்பதையும் முதலில் கேட்டறிதல் வேண்டும்.

பலர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. போவதினும் திரும்புவது கடினம். அயல்நாட்டிலிருந்து வரும் விலங்கு, தடுப்பு நிலையம் அமைந்த சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் போன்ற வாயில்கள் வழியாகவே இந்நாட்டிற்குள் புகலாம். பத்து நாள் திருமணத்திற்கென்று நாகையில் நாயுடன் கப்பலேறிவிட்டு, அதே துறையில் அதனோடு இறங்கிவிடலாம் என எண்ணுவது வீண்கனவு. கடலின் ஆட்டமும் சிறிதன்று. ஏறத்தாழ அறுபது கடல் மைல் தொலைவைக் கடக்கும் அக்கப்பலில் மனிதர்க்கே தலை சுற்றும். நாய்க்கும் பூனைக்கும் அவ்வாறே சுற்றும்; இளங்குட்டிகளுக்கு மிகுதியாகச் சுற்றும். "போதும், கரைக்குப் போவோம்" என்று சொல்ல அவற்றிற்கு வாயில்லை.

அங்ஙனமாயின் என்ன செய்வது? இதற்கு விடையாக நான் கேட்டறிந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. நூறாண்டுக்கு மேலாகத் தேயிலைக்கு உரமாகிய மக்கள், அதே தலைமன்னாரில் கப்பலேறி, அதே மண்டபம் முகாமில் வந்திறங்கினர். அவர்களுட் சிலரை நம் கருநாடக மாநிலத்திலே, சுள்ளியாப் பகுதியின் இரப்பர்த் தோட்டங்களிலே குடியமர்த்தினர். அங்கிருந்து இங்குள்ள மகன் வீட்டிற்கு வந்திருந்த ஒரு மூதாட்டியாரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன்.

ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். கொண்டுவந்த பெட்டிகளை இன்றும் எண்ணிக்கை மாறாமல் சொல்லுகின்றார். தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்ததைச் சொல்லுகின்றார். நாயை எழுத மட்டும் எந்தப் படிவத்திலும் இடமில்லை என்றார். அவருடைய தந்தையார் என்ன செய்தார் தெரியுமா? புறப்படுவதற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே, குடியுரிமை பெற்று அங்கே தங்கவிருந்த பக்கத்துக் காம்பராக்காரரிடம் பேசினார். நாய் உண்ணும் தட்டையும் அது படுக்கும் சாக்கையும் அவர் வாசலுக்கு மாற்றினார். நாள்தோறும் மாலையில் அங்கேயே சோறிட்டார். கோச்சி ஏறப் புறப்பட்ட நாளில் அந்நாய் புதிய வாசலில் படுத்திருந்ததாம். மூன்றாண்டுகள் கழித்து அது முதுமையால் இறந்ததென்று, அந்நண்பர் கடிதம் எழுதினாராம். ஊர் பேர் தெரியாத தாய்நாட்டிற்குக் கூலியாய்த் திரும்பும் ஏழை ஒருவர், அத்துணைத் துயரிலும் தம் நாய்க்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டே கப்பலேறினார்.

அன்பர்களே! இங்கே நம் நகரில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை மாற்றம் வந்தாலும், வாடகை வீடு மாறினாலும், வெளிநாடு சென்றாலும், நேற்றுவரை மடியில் வளர்த்த நாயை ஏரிக்கரையில் இறக்கிவிட்டுச் செல்வோர் உளர். தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், உடன் வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேற மறுத்த தருமபுத்திரரின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுகின்றோமே, அதே குழந்தைகளின் கண்முன் இதைச் செய்யலாமா? உடன் அழைத்துச் செல்வது அன்பு. அழைத்துச் செல்ல இயலாதபோது தக்கவரிடம் ஒப்படைத்துச் செல்வதும் அன்பே. குடும்பமாய் இடம் பெயர்வோர் எத்துணைத் தொல்லையாயினும் முதல்வழியைக் கொள்ளுக. தடுப்பூசி, இரத்தச் சோதனை, அனுமதி ஆகிய அனைத்திற்கும் பல திங்கள் முன்னரே தொடங்குக. சின்னாட் பயணம் செல்வோர் இரண்டாம் வழியைக் கொள்ளுக.

அவ்விரண்டாம் வழிக்கு நம் சங்கமே துணை செய்யலாம் என்பது என் பணிவான வேண்டுகோள். நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். விடுமுறைக்கு ஊர் செல்வோர் தம் நாய், பூனையின் உணவுப் பழக்கத்தையும் தடுப்பூசி போட்ட நாளையும் அதில் எழுதட்டும். ஊரில் தங்குவோருள் அவற்றைப் பார்த்துக்கொள்ள இசைவோர் தம் பெயரை எழுதட்டும். இவ்வாண்டு நான் காப்பேன். மறு ஆண்டு நீங்கள் காப்பீர்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரே தட்டையும் சாக்கையும் அந்த வீட்டிற்கு மாற்றிவிட வேண்டும். செலவு ஒன்றுமில்லை, ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் போதும். குறிப்பேட்டை நானே வாங்கித் தருகின்றேன். இசைவோர் பட்டியலின் முதல் வரியில் என் பெயரையும் எழுதிவிடுகின்றேன்.