சிரட்டையிலிருந்து கையுறை வரை: இறப்பர் பாலும் அதன் புரதங்களும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குப் போன எங்களிடம் விழாக் குழுவினர் கேட்டது ஒரு மருத்துவப் பேச்சு. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைத்தான் கிளினிக்கில் நாள்தோறும் கேட்கிறீர்களே! இன்றைக்கு இறப்பர் பாலைப் பற்றிப் பேசுவோம். இறப்பர் பாலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள், சத்திரசிகிச்சைக் கூடத்தில் எங்கள் கைகளில் இருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்தளைப் பிள்ளைகளுக்கு இறப்பர் புதிதல்ல. எங்கள் வகுப்பில் இருந்தவர்களில் பலர் உக்குவெலப் பக்கத்துத் தோட்ட லயங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். விடிவதற்கு முன்னே அம்மாவோ அப்பாவோ பால் வெட்டப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் ஓடாது. ஆகவே இருட்டோடு போக வேண்டும். பட்டையைச் சாய்வாகச் சீவிச் சிரட்டையைப் பொருத்திவிட்டு அடுத்த மரத்துக்கு நடப்பார்கள். அந்தச் சிரட்டைக்குள் சொட்டுவது என்ன என்று உயர்தர இரசாயனவியல் படிக்கும்வரை எங்களில் யாரும் கேட்டதில்லை.

அது ஒரு கூழ்மம். ஆங்கிலப் பெயரை அப்படியே சொன்னால் கொலொயிட். 1861இல் தோமஸ் கிரகாம் என்ற இரசாயனவியலாளர், பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரைச் செய்தார். நீரில் கரையவும் இல்லாமல், அடியில் படியவும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் மிதந்துகொண்டிருக்கும் நிலை அது. பசுப்பால், தேங்காய்ப்பால், எங்கள் குருதி எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

இறப்பர் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை இறப்பர். மற்றதில் பெரும்பகுதி நீர். புரதம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். ஆனால் முழுப் பாலும் அந்த ஒன்றரையை நம்பித்தான் நிற்கிறது. இறப்பருக்கும் நீருக்கும் ஆகவே ஆகாது. தனியே விட்டால் இறப்பர்த் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஒவ்வொரு துணிக்கையின் மேலும் புரதமும் பொஸ்போலிப்பிட்டும் சேர்ந்த மெல்லிய போர்வை இருக்கிறது. அந்தப் போர்வைக்கு எதிர்மின்னேற்றம். ஒரே மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒட்டாமல் மிதக்கின்றன.

அமிலம் சேரச் சேரப் புரதத்தின் எதிர்மின்னேற்றம் குறைந்துகொண்டு போகும். ஒரு கட்டத்தில் நேரும் எதிரும் சமமாகிவிடும். இறப்பர் பாலில் இது pH நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் நடக்கிறது. அதன்பின் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, பால் உறைந்துவிடும். தோட்டத்து ஸ்டோரில் தொட்டியில் போமிக் அமிலம் விடுவது இதற்காகத்தான். அமிலம் விடாமல் சிரட்டையிலேயே விட்டுவைத்தாலும் பக்ரீரியா பெருகி அமிலத்தை உண்டாக்கும். மறுநாள் அது ஒட்டுப்பால். திரவமாகவே வைத்திருக்க வேண்டுமானால் அமோனியா சேர்க்கிறார்கள். அது பக்ரீரியாவைக் கொல்லும். pHஐயும் உயர்த்தி மின்னேற்றத்தைக் காப்பாற்றும்.

சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தேசிக்காய் விட வேண்டும் என்று எங்கள் அம்மம்மாமார் சொன்னதும் ஏறத்தாழ இதே இரசாயனவியல்தான். தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைப் பிரித்து வைத்திருப்பதும் புரதமே. சூடும் புளியும் சேர்ந்து வந்தால் அந்தப் புரதம் தாங்காது, சொதி திரைந்துபோகும். அம்மம்மா pH என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி மரத்துக்கு வருவோம். பட்டையை வெட்டினால் பால் ஓடுகிறது. சில மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. ஏன்? பாலுக்குள் இறப்பர்த் துணிக்கைகள் மட்டும் இல்லை. லூட்டொயிட் எனப்படும் சிறு பைகளும் மிதக்கின்றன. வெட்டின காயத்தில் அவை உடையும். உள்ளே அடைபட்டிருந்த ஹெவெயின் என்ற புரதம் வெளியே வரும். வெறும் 43 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம் அது. போர்வையில் உள்ள இன்னொரு புரதத்தைப் பிடித்து, துணிக்கைகளை ஒன்றோடொன்று கோத்து, பால்குழாயின் வாயை அடைத்துவிடும். எங்கள் விரலில் கத்தி பட்டால் குருதி உறைகிறதே, மரத்தின் கணக்கில் அதுதான் இது. காயத்துக்குள் பூஞ்சணம் புகாமல் தடுக்கும் வேலையையும் ஹெவெயின் செய்கிறது.

மரத்தைக் காக்கும் இந்தப் புரதம்தான் சில மனிதருக்கு நஞ்சுபோல ஆகிறது. இந்தப் பேச்சைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமும் அதுவே.

சத்திரசிகிச்சைக்கு இறப்பர் கையுறை வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1889-90 அளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கிருமிநாசினியால் கை புண்ணான கரோலைன் ஹாம்ப்டன் என்ற தாதிக்காக மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். பின்னர் அவரையே மணந்துகொண்டார். (எங்கள் விரிவுரை மண்டபத்தில் எல்லோருக்கும் நினைவில் நின்றது இந்தக் கடைசி வரி மட்டும்தான்.) தாதியின் கையைக் காக்க வந்த கையுறை தாதிமாரையே நோயாளியாக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1979இல் பிரித்தானியாவில், இறப்பர் கையுறையால் உடனடியாகத் தடிப்பு ஏற்பட்ட ஒருவரைப் பற்றி நட்டர் என்ற வைத்தியர் எழுதினார். 1980களில் எயிட்ஸ் பயம் வந்தது. ஊசி போடுவதற்கும் கையுறை, காயம் கழுவுவதற்கும் கையுறை என்று பாவனை பல மடங்கானது. அவசர அவசரமாக உற்பத்தி செய்த கையுறைகளில் பல சரியாகக் கழுவப்படவில்லை. கையுறை செய்யும்போது, கல்சியம் நைத்திரேற்றுப் பூசிய பீங்கான் கை அச்சை இறப்பர் பாலில் தோய்க்கிறார்கள். கல்சியம் போர்வையின் மின்னேற்றத்தை அழிக்க, அச்சின்மேல் பால் படலமாக உறைகிறது. இறப்பரோடு இறுக ஒட்டாத, நீரில் கரையக்கூடிய புரதங்கள் படலம் காயும்போது மேற்பரப்புக்கு வந்து சேரும். வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். கழுவாவிட்டால் கை வியர்வையில் கரையும். உள்ளே தூவிய சோளமாப் பவுடரில் ஒட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றும்போது காற்றில் பறக்கும். கையுறை போடாதவரும் அதைச் சுவாசிப்பார்.

எங்களோடு படித்துத் தாதியாகப் போன ஒருவருக்கு நடந்தது இதுதான். வேலைக்குப் போனால் தும்மல், மூக்கடைப்பு, கையில் தடிப்பு. லீவில் வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லை. சவர்க்காரத்தை மாற்றினார், குவாட்டர்ஸை மாற்றினார். தூசு ஒவ்வாமை என்று சொல்லி வருடக் கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் பல் கழற்றப் போன இடத்தில் உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு முட்டிய பிறகுதான் கையுறையின்மேல் சந்தேகம் வந்தது. நல்ல வேளை, அட்ரினலின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

கையுறையால் வரும் தொல்லை எல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலானோருக்கு வருவது வெறும் வறட்சியும் எரிச்சலுமே. அது ஒவ்வாமையே அல்ல. இறப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனங்களால் ஓரிரு நாள் கழித்து வரும் சொறி இன்னொரு வகை. உயிராபத்தானது புரதத்தால் சில நிமிடங்களில் வருவது. இதில் ஒரு விசேடம். சுகாதாரப் பணியாளர்களைப் பெரிதும் தாக்குவது ஹெவெயின், அதாவது கரைந்து காற்றில் பறக்கக்கூடியது. முள்ளந்தண்டுப் பிளவோடு பிறந்து, குழந்தைப் பருவத்திலிருந்தே பல சத்திரசிகிச்சைகளும் சிறுநீர்க் குழாய்களும் கண்ட பிள்ளைகளைத் தாக்குவது, இறப்பர்த் துணிக்கையோடு இறுக ஒட்டிய போர்வைப் புரதங்கள். அவை பறக்காது. உடலின் ஈரமான உட்பகுதிகளில் இறப்பர் நேரே படும்போது உள்ளே போகின்றன. பாலுக்குள் எந்தப் புரதம் எங்கே இருந்ததோ, அதுவே யார் நோயாளியாவார் என்பதையும் பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

ஜெர்மனியில் 1990களின் பிற்பகுதியில் பவுடர் இட்ட இறப்பர் கையுறைகளை நிறுத்தினார்கள். புதிய நோயாளர் தொகை தெளிவாகக் குறைந்தது. அமெரிக்கா 2017 ஜனவரியில் மருத்துவக் கையுறைப் பவுடரைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2008இல், ஹால்ஸ்டெட்டின் அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை இயற்கை இறப்பர் கையுறைகளை முற்றாகக் கைவிட்டது.

இங்கே எங்களுக்கு ஒரு மாறுபட்ட அபிப்பிராயம் உண்டு. செல்வந்த நாட்டு வைத்தியசாலைக்கு முற்றாக விலக்குவது எளிது. ஆனால் நுண்ணிய தையல் போடும்போது இயற்கை இறப்பர் கொடுக்கும் உணர்வுக்கு நிகர் இல்லை என்று சொல்லும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இன்னும் பலர். மாற்றாக வரும் நைத்திரைல் எண்ணெயிலிருந்து செய்வது. இறப்பரோ, 1876இல் கியூ பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வழியில், எங்கள் பெற்றோர் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மரம். நன்றாகக் கழுவிய, பவுடர் இல்லாத, புரதம் குறைந்த கையுறை ஒவ்வாமை இல்லாதவருக்குப் போதும். ஒவ்வாமை உள்ளவருக்கு இறப்பரே படக்கூடாது. பழியை மரத்தின்மேல் போடுவது நியாயமில்லை. கழுவாமல் விட்டது மரமல்ல.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய சில விடயங்கள். பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா, கையுறை போட்டால் தும்மல் வருகிறதா, வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யா சாப்பிட்டால் வாய் கடிக்கிறதா? இந்தப் பழங்களிலும் ஹெவெயினை ஒத்த பகுதி கொண்ட புரதங்கள் உண்டு. அப்படியானால் பல் வைத்தியரிடமோ, பிரசவத்துக்கோ, சத்திரசிகிச்சைக்கோ போகும்போது யாரும் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதச் சொல்லுங்கள். முள்ளந்தண்டுப் பிளவு உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பிறந்த நாளுக்குப் பலூன் வேண்டாம். கடதாசிப் பூக் கட்டுங்கள். தாதியாகவோ, பல் வைத்தியரின் உதவியாளராகவோ, கையுறைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் தங்கைமார் யாருக்காவது வேலை நாளில் மட்டும் மூச்சு இழுத்தால், அதைத் தூசு என்று விட்டுவிடாமல் எங்களில் ஒருவரிடம் வாருங்கள். தேநீர் இடைவேளையில் பின் வரிசையில்தான் இருப்போம்.