கணினிப் பேரேடு கவிழ்ந்தால்...?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எங்கிருந்து வந்தது? ஏட்டிலிருந்து வந்தது. அந்த ஏடு முன்பு தலைமையாசிரியர் அறையில், இரும்பு அலமாரியில் இருந்தது. இப்போது கணினியில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், தேர்வுப் புள்ளிகள் அத்தனையையும் ஒழுங்காக அடுக்கி, கேட்டவுடன் எடுத்துத் தரும் அந்தக் கணினிப் பேரேட்டுக்குத்தான் தரவுத்தளம் என்று பெயர். அது ஒரு நாள் கவிழ்ந்தால் எப்படி மீட்பது? ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும்போது எதைக் கவனிப்பது? இவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

“இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர் பாடு, நமக்கென்ன?” என்று இருந்துவிடாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதும், பள்ளிகள் இடம் பெயர்ந்ததும் நாம் அறிந்த வரலாறு. பிறப்புச் சூரா தொலைந்துபோன ஒருவருக்கு, தாம் இந்த மண்ணிலேயே வளர்ந்து படித்தவர் என்று சொல்ல, பழைய சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி எவ்வளவு பெரிய துணை! ஏட்டில் ஒரு வரி அழிந்தால், ஒரு மனிதருக்கான சாட்சி அழிகிறது.

முதலில் மீட்கும் வழியைப் பார்ப்போம். ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கொண்டுவரும் பாலின் எடையையும் அப்போதைக்கப்போதே சிறு நோட்டில் குறிக்கிறார். பிறகு ஆபீசில் பெரிய ஏட்டில் ஏற்றுகிறார். ஒரு நாள் பெரிய ஏட்டில் மை கொட்டிவிட்டது. என்ன செய்வார்? போன மாதம் எடுத்து வைத்த படியைக் கையில் எடுப்பார். அதற்குப் பின் சிறு நோட்டில் உள்ளதை வரிசையாக ஏற்றுவார். ஏடு பழைய நிலைக்கு வந்துவிடும்.

கணினியும் இதையேதான் செய்கிறது. நல்ல தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டில் ஏற்றும். இந்தக் குறிப்பேட்டுக்கு ‘லாக்’ என்று பெயர். நடுவில் மின்சாரம் போனால், மறுபடி எழுந்ததும் லாக்கைப் படித்து, முடிந்த வேலையை ஏற்றும். அரைகுறை வேலையைத் தள்ளிவிடும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கே கெட்டுவிட்டால்? படியும் குறிப்பேடும் வேறு இடத்தில் இருந்தால்தான் பிழைக்கலாம்.

“நாங்கள்தான் படி எடுக்கிறோமே” என்பார்கள். எடுத்தால் மட்டும் போதாது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்ற நிறுவனத்தில் நடந்ததைக் கேளுங்கள். இரவு வேலையில் இருந்த பொறியாளர், துணைக் கணினி என்று நினைத்து முதன்மைக் கணினியின் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்! சரி, படி இருக்கிறதே என்று தேடினால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? தரவுத்தளம் 9.6 பதிப்பு, படி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. நாள்தோறும் படி எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு படிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். திறந்து பார்க்காத படியை நம்புவது, நீந்திப் பார்க்காமல் ஆற்றில் குதிப்பது போல.

இலங்கையில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கக் கணினிகளைத் திருடர்கள் பூட்டிவிட்டார்கள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசாங்க மின்னஞ்சல்கள் பறிபோயின. அந்தக் காலத்துக்குத் தனியே ஒதுக்கி வைத்த படி இல்லை. நம் சிப்பாங் விமான நிலையத்திலும் 2025 மார்ச்சில் இப்படி ஒரு தாக்குதல் நடந்தது. 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று பிரதமர் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்ல நெஞ்சுரம் மட்டும் போதாது, கையில் நல்ல படியும் வேண்டும்.

2021 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளே மூழ்கின. கணினியும் அதன் படியும் ஒரே அலமாரியில் இருந்தால், ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும். ஆகவே, மூன்று படி. இரண்டு விதமான பொருளில். ஒன்று வேறு ஊரில். இதுதான் விதி.

இனி, குடிபெயர்வது. பள்ளிப் பிள்ளைகளின் விவரங்கள் ஏபிடிஎம் அமைப்பிலிருந்து ஐடிமீ அமைப்புக்கு மாறியதை நீங்கள் அறிவீர்கள். இப்படி மாறும்போது, சாமான்கள் வந்து சேர்ந்தால் போதும், வீடு ஓடிவிடும் என்று எண்ணக் கூடாது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வாரக் கடைசியில் புதிய அமைப்புக்கு மாறியது. கணக்குகள் சரியாகத்தான் வந்து சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு பாரம் தாங்கவில்லை. 1.9 மில்லியன் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022-இல் அந்த வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண்டு அபராதம் விழுந்தது. ஒத்திகை பார்க்காமல் நாடகம் போடலாமா?

நம் தமிழே இப்படி ஒரு முறை குடிபெயர்ந்திருக்கிறது. யுனிகோட் வருமுன் ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. ஒன்றில் தட்டியதை மற்றொன்றில் திறந்தால் குப்பைதான். பழைய முறைகள் பலவற்றில் ‘கோமதி’ என்று எழுதினால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று சேமிக்கும். யுனிகோடோ க-வை முதலில் வைத்து, ஓகாரக் குறியை அடுத்து வைக்கும். வரிசையை மாற்றாமல் அப்படியே கொட்டினால் கோமதி கோமதியாக வரமாட்டாள்! நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழைக் கணினியில் தட்டுவதற்குப் பெரிதும் உதவின.

எண்களிலும் இதே ஆபத்துதான். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்கும். எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு, முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? பெயருக்கு நடுவே வரும் ஏ/எல், ஏ/பி-யின் சாய்கோட்டைச் சில அமைப்புகள் ஏற்கா. இப்படித்தான் ஒரே பிள்ளை இரண்டு ஏட்டில் இரண்டு பெயராகிறது.

ஆகவே, மாற்றுமுன் படி எடுங்கள். முதலில் கொஞ்சத்தை மாற்றிச் சோதியுங்கள். பழையதில் எத்தனை பேர், புதியதில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சரியானாலும் இருபது பேரைப் பொறுக்கி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். புதியது நிலைக்கும்வரை பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளையின் பெயரும் எண்ணும் பள்ளி ஏட்டில் பிறப்புச் சூராவில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வந்து பாருங்கள். சூராவின் நகலொன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். மாணவர்களே, கணினியில் கெட்டிக்காரர் ஆகுங்கள். ஆனால் சரிபார்க்கும் பழக்கம்தான் அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் பாதி என்பதை மறவாதீர்கள். இன்று பரிசு பெற்றவர், நாளை பெறப் போகிறவர் எல்லார் பெயரும் ஒரு எழுத்தும் சிதையாமல் நிலைக்கட்டும் என்று கூறி விடைபெறுகிறேன்.