முதலீட்டு மோசடியும் மிரட்டலும்: உழவர்கள் செய்ய வேண்டியவை

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போதுதான், அதைப் பறிக்க நினைப்பவர்களும் தேடி வருகிறார்கள். 2012ஆம் ஆண்டில் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி நிறுவனங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அந்த நிறுவனங்களுக்கு அலுவலகம் இருந்தது. வாசலில் நின்று கேட்கவாவது முடிந்தது. இன்று கைபேசி வழியாக வருபவருக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை.

மோசடி நடக்கும் முறை

முன்பின் தெரியாத ஒருவர் உங்களை வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பார். பங்குச் சந்தையில் பெரும் லாபம் கிடைத்ததாக அங்கே பலர் பேசுவார்கள். அவர்கள் அவருடைய ஆட்களே. முதலில் ஆயிரம், இரண்டாயிரம் கட்டச் சொல்லி, சிறு லாபத்துடன் திருப்பித் தருவார். இது தூண்டிலில் வைத்த புழு. நம்பிக்கை பிறந்தபின் நகையை அடகு வைத்தாவது லட்சக்கணக்கில் கட்டத் தூண்டுவார். அவர் தந்த செயலியில் உங்கள் பணம் நாளுக்கு நாள் பெருகுவதாகக் காட்டும். அது வெறும் எண், பணம் அல்ல. எடுக்கப் போனால், "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்.

முதலீட்டு ஆலோசனை கூறுவோர் செபி அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் உறுதியான லாபம் தருவதாக வாக்களிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே, "லாபம் நிச்சயம்" என்ற சொல்லே எச்சரிக்கை மணி.

மிரட்டல் ஏன் வருகிறது?

மேலும் கட்ட மறுத்தால் குரல் மாறும். காவல்துறை, சி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டு காணொலி அழைப்பில் சீருடையுடன் தோன்றுவார்கள். "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாகச் சொல்வார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வழக்கை முடிக்கப் பணம் அனுப்புமாறு எந்த அரசுத் துறையும் கைபேசியில் கேட்பதில்லை. சிலர், உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினருக்கு அனுப்புவதாக அச்சுறுத்துவார்கள். பயந்து ஒரு முறை கொடுத்தால் மிரட்டல் நிற்காது. கொடுக்கக் கூடியவர் என்று தெரிந்துகொண்டு மேலும் கேட்பார்கள்.

செய்ய வேண்டியவை

1. பணம் அனுப்புவதை உடனே நிறுத்துங்கள். மிரட்டுபவருடன் வாதாட வேண்டாம்.

2. தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறுவதற்குள் புகார் சென்றால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

3. செய்திகளை அழிக்காதீர்கள். அழைத்த எண், பணம் அனுப்பிய நாள், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் குறித்து வைத்து, மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள்.

4. "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடுங்கள்" என்று வருபவரையும் நம்பாதீர்கள். அது அடுத்த மோசடி.

5. வீட்டில் உள்ளவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். ஊர் சிரிக்குமே என்று மறைப்பதுதான் மிரட்டுபவரின் பலம். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட ஏமாந்திருக்கிறார்கள்.

ஏமாற்றியவன்தான் குற்றவாளி, ஏமாந்தவர் அல்ல. போன பணத்தை நினைத்து மனம் உடைந்து, இருக்கும் நிலத்தையும் இழந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.