கண்டிச் சீமைக்குச் சென்றவர்கள்

மாணவர்களே, காரைக்குடிப் பக்கம் வருவோர் முதலில் வியப்பது நகரத்தார் இல்லங்களின் பர்மாத் தேக்குத் தூண்களையே. கடல் கடந்து ஈட்டிய பொருளுக்கு அவை சான்று. இதே வறண்ட சீமையிலிருந்து கடல் கடந்த மற்றொரு கூட்டமும் உண்டு. அவர்களுடைய உழைப்புக்குச் சான்றாக இங்கே ஒரு தூணும் இல்லை. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரையே குறிப்பிடுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மழை பொய்த்து வயல்கள் தரிசான காலங்களில், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளினின்று இவர்கள் புறப்பட்டனர். ஆள் திரட்டிய கங்காணி தந்த முன்பணம் கடனாகத் தலைமேல் ஏறியது. தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். காலராவுக்கும் மலேரியாவுக்கும் வழியிலேயே இரையானோர் பலர். காப்பிக் காலத்தில், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவோரே மிகுதி. 1869 இல் தோன்றிய இலைநோய் காப்பியைப் படிப்படியாக அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன் அறைகளிலேயே தங்கிவிட்டன.

இவர்களைக் 'கூலிகள்' என்றே அழைத்தனர். திறமை வேண்டாத வேலை என்பது அச்சொல்லின் உட்பொருள். அது பெரும் பிழை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளவேண்டும். முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் கெடும். ஏழெட்டு நாட்களில் மீண்டும் அதே செடிக்கு வரவேண்டும். செங்குத்தான சரிவில், மழையில், முதுகில் கூடை தொங்க, இரு கைகளும் ஓயாது இயங்க, கண் தேர்ந்துகொண்டே இருக்கும். இதைச் செய்தோர் பெரும்பாலும் பெண்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை செடியைத் தாழ வெட்டும் கவ்வாத்துக்கு வேறோர் அறிவு வேண்டும். இவற்றையெல்லாம் பாடமாக்கித் தேர்வு வைத்தால், பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் தேறுவோம்!

இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. ஒன்றரை இலட்சம் பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தார்கள். 1974 இல்தான் அது முடிவாயிற்று. பங்கிடப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

தாயகம் திரும்பியோர்க்கென்று 1968 இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. கொழுந்தும் கவ்வாத்தும் அறிந்த கைகள் அங்கே வேலைக்கு வந்தன. இலங்கையிலேயே தங்கியவர்களின் வழித்தோன்றல்கள், முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே சென்றார்கள்.