நாற்பதாம் நாளுக்குப் பின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர். நாங்கள் கைக்குழந்தையின் அழுகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இப்பந்தலில் இரண்டு குரல்கள் எங்களுக்கு முன்பே அப்பொருளைத் தொடங்கிவிட்டன. அவ்வன்னையர் எழுந்து வெளியே செல்ல வேண்டா. பிள்ளைகள் இங்கேயே அழட்டும்.

இந்த பிலாய் நகரில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைப்பேறு எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் முறை. ஆயினும் கணவர்க்கு விடுப்பு இராது. மனைவிக்கும் அலுவல் இருக்கும். ஆகவே பலர் இங்கேயே பெற்றுக்கொள்கின்றனர். ஊரிலிருந்து பாட்டி வருகிறாள். பத்தியச் சமையல், பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுதல், இரவில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருத்தல் ஆகிய அனைத்தும் அவள் பொறுப்பு. நாற்பது நாள் கழிகிறது. ஊரில் தாத்தா தனியே இருக்கிறார். டிக்கெட்டும் முன்பே எடுத்தாயிற்று. பாட்டி ரயில் ஏறிவிடுகிறாள்.

இனி, மருத்துவர் கூறுவதைக் கேளுங்கள். பிறந்த குழந்தையின் அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து வளர்கிறது. ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைகிறது. மூன்றாம் நான்காம் மாதத்தில் தணிகிறது. அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 80 குழந்தைகளின் தாய்மாரைக் குறிப்பெழுதச் செய்து 1962-இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்ற குழந்தைகளே ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன என்று காட்டினார். அதற்கும் மிகுதியாக அழும் பிள்ளைகளும் உண்டு. நாளுக்கு 3 மணிக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்திற்கு மேல் என்று அத்தகைய அழுகைக்கு வெசல் என்பாரும் உடனிருந்தோரும் 1954-இல் ஓர் அளவு வகுத்தனர். அவ்வழுகை பெரும்பாலும் மாலையில்தான் எழும்.

நாற்பது நாளும் ஆறு வாரமும் ஏறக்குறைய ஒன்றே அன்றோ? பிள்ளையின் அழுகை உச்சத்தை எட்டும் அந்த வாரத்தில்தான் வீட்டில் இருந்த ஒரே துணையையும் நாம் வண்டியேற்றி அனுப்பிவிடுகிறோம்!

எங்கள் முதற்பிள்ளைக்கு அவ்வாறே நேர்ந்தது. பாட்டியை ரயிலேற்றிவிட்டு வந்த நாள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய அழுகை பத்து மணி வரை ஓயவில்லை. மறுநாளும் அவ்வாறே, அதற்கடுத்த நாளும் அவ்வாறே. எங்களுள் ஒருவருக்கு அவ்வாரம் இரவு ஷிப்டு. பகலில் உறங்க வேண்டிய அவர் உறங்கவில்லை. இரவில் உறங்க வேண்டிய மற்றவரும் உறங்கவில்லை. தூளி கட்டலாம் என்று மேலே பார்த்தால், விட்டத்தில் மின்விசிறிக் கொக்கி ஒன்றுதான் இருந்தது. ஊரிலிருந்து கைப்பேசி வழியே ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. பால் பற்றவில்லை என்றார் ஒருவர். தாய் உருளைக்கிழங்கு உண்டாள் என்றார் வேறொருவர். கண்ணேறு என்றார் மூன்றாமவர். குற்றம் எப்படிச் சுற்றினாலும் தாயினிடமே வந்து நின்றது.

ஓரிரவு, எங்களுள் ஒருவர் பிள்ளையை இரு தோள்களிலும் பற்றித் தூக்கி, குலுக்கும் எல்லைக்கே போய்விட்டோம். அவர் யார் என்று சொல்ல மாட்டோம்; இருவருமே அந்நிலையில் இருந்தோம். பிள்ளையைக் கட்டில் மீது கிடத்திவிட்டுக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் வந்து அமர்ந்தோம். அடுத்த வீட்டில், மௌசி என்று நாங்கள் அழைக்கும் ஒடிய அம்மையார் இருந்தார். அவர் வெளியே வந்து எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் வினவவில்லை. உள்ளே சென்று பிள்ளையை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, "போய்ப் படுங்கள்" என்றார். பிள்ளை அவர் தோளிலும் அழுதுகொண்டேதான் இருந்தது. ஆயினும் நாங்கள் உறங்கினோம்.

இதை மேடையில் சொல்லக் கூசவில்லையா என்று கேட்பீர்கள். கூச்சந்தான். ஆனால் கைக்குழந்தையைக் குலுக்கினால் மூளையில் குருதிக் கசிவு உண்டாகும், கண்பார்வை போகும், உயிரும் போகக்கூடும். பொறுமை தீர்ந்துவிட்டது என்று தோன்றும் கணத்தில் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் அகன்று நிற்பது பாவமன்று. அதுவே அந்நேரத்தில் செய்யத்தக்கது.

பால் பற்றவில்லை என்னும் தீர்ப்பைச் சற்று ஆராய்வோம். நாளுக்கு ஆறு முறையேனும் துணி நனைகிறது, எடை ஏறுகிறது என்றால் பால் பற்றுகிறது என்றே பொருள். அழுகையைக் கேட்டுப் புட்டிப்பாலுக்கு ஓடுவதால் பெரும்பாலும் தாய்ப்பால்தான் குறையும். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை. கிரைப் வாட்டர் பற்றிக் கேட்கிறீர்கள். இங்கிலாந்தில் 1851-இல் தோன்றிய அதில் முன்னாளில் சாராயச் சத்து இருந்தது. பாட்டிமார் கண்ட பயனில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். இந்நாளைய புட்டியில் அது இல்லை; பயன் உண்டு என்பதற்குத் தக்க சான்றும் இல்லை. வசம்பு உரைத்துப் புகட்டுவதையும், நாவில் தேன் தடவுவதையும் விட்டுவிடுங்கள். ஓராண்டு நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடிய நச்சு நோயை உண்டாக்கக்கூடும்.

பின் எதுதான் பயன் தரும்? தூக்கி வைத்திருத்தல் ஓரளவு தரும். 1986-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், அழுகைக்குக் காத்திராமல் நாள்தோறும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஆறாம் வாரத்தில் மற்றவற்றைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. அழுகை முற்றிய பிள்ளைகளிடம் அப்பயன் தெளிவாகக் காணப்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. தாலாட்டும் மெல்லிய ஆட்டமும் சில நாள் உதவும்; சில நாள் உதவா. உறக்கத்தைப் பொறுத்தவரை, இரவு பகல் என்னும் வேறுபாடே முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிள்ளையின் உடலில் அமைந்திருப்பதில்லை. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கும் அமைதியும் என்று பழக்குவது நன்று. தூளியில் ஆட்டினாலும் கண்பார்வையில் ஆட்டுங்கள். இரவு முழுதும் உறங்குவதற்குத் தலையணையில்லாத சமமான படுக்கையே ஏற்றது. மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் காப்புப் பருவத்தைப் பொதுவாக மூன்றாம் திங்களில் வைத்தனர். முதல் இரண்டு திங்களில் பாட்டெழுத யாருக்கும் உறக்கம் வாய்த்திராது போலும்!

எல்லா அழுகையும் இயல்பானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்கு உடல் வெப்பம் 100.4 பாகை பாரன்ஹீட்டை எட்டினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கைகால் விரல்களையும் விரித்துப் பாருங்கள். தாயின் உதிர்ந்த தலைமுடி ஒன்று விரலில் சுற்றி இறுகியிருந்தாலும் பிள்ளை ஓயாது அழும்.

இனி, சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள். பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் நாம் கூடுகிறோம். மேல்மாடியில் பிள்ளை அழுதால் கதவைத் தட்டி, "என்ன செய்கிறீர்கள் பிள்ளையை?" என்று கேட்கவும் நம்மவர் தவறுவதில்லை. அதே கதவைத் தட்டி, "பிள்ளையை இப்படிக் கொடுங்கள்" என்று கேட்பவர் பட்டியல் ஒன்று வேண்டும். பாட்டி புறப்பட்ட நாள்முதல் ஆறு வாரத்திற்கு, மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை, நாளுக்கொருவர். சமைத்துத் தர வேண்டா. அறிவுரை அறவே வேண்டா. தோள் ஒன்று போதும். ஆடவரும் பெயர் எழுதலாம். இரவு ஷிப்டு முடிந்து வருவோர் அவ்வாரம் எழுத வேண்டா, உறங்கட்டும்.

பந்தல் வாயிலில், காப்பி மேசைக்கு அருகே, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். முதல் வரியில் எங்கள் பெயரை எழுதியாயிற்று. அடுத்த வீதியில் ஐந்து வாரக் குழந்தை ஒன்று இருக்கிறது. அதன் பாட்டிக்கு வரும் வியாழக்கிழமை வண்டி.