பயிற்சியில் தோற்ற விமானி

(சங்க வெள்ளி விழாவையொட்டி நடந்த மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் வென்றவர்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நமக்கு முன் பேசிய பெரியோர்கள் மருத்துவரானவர், பொறியாளரானவர், வருவாய்த் துறையில் அலுவலரானவர் என்று வரிசையாகப் பெயர்களைச் சொன்னார்கள். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. ஆயினும் நாம் ஒரு தோல்வியைப் பற்றிப் பேச அனுமதி பெற்று வந்திருக்கிறோம். அத்தோல்வியில் நமக்கும் பங்குண்டு. ஆதலால் அதைப் பேசும் உரிமையும் நமக்குண்டு எனக் கருதுகிறோம்.

நமது பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்ற தம்பி ஒருவர் விமானியாக விரும்பினார். தந்தையார் கொத்தனார். தம்பியின் பெயர் வேண்டாம். அவரே அப்படிக் கேட்டுக்கொண்டார். உங்களில் பலருக்குச் சொல்லாமலே தெரியும்.

வர்த்தக விமானி உரிமம் பெறுவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் வேண்டும், பதினெட்டு வயது நிரம்ப வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. என்னும் இயக்குநரகம் நடத்தும் தேர்வுகளில் வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் முதலிய தாள்களில் தேற வேண்டும். (பணம் கட்டும் முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். கட்டிய பின் கண்ணில் குறை கண்டு கலங்கிய குடும்பத்தையும் நாம் அறிவோம்.) செலவு நாற்பது இலட்சத்தைத் தாண்டியது. மத்திய அரசின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை விதிகளில் அப்போது இப்படிப்பும் இடம்பெற்றிருந்தது. நம்மில் பலர் அதை அறியவில்லை. எஞ்சிய தொகைக்கு வளைகுடாவில் உழைத்த தாய்மாமன் தம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார். நமது சங்கம் வட்டியில்லாக் கடனாக ஒன்றரை இலட்சம் கொடுத்தது.

2018ல் உரிமம் வந்தது. 2019 தொடக்கத்தில் ஒரு விமான நிறுவனம் பயிற்சித் துணை விமானியாக அவரைத் தேர்ந்தெடுத்தது. சீருடையணிந்த அவர் படத்தைப் போட்டுப் பேருந்து நிலையத்தில் நாம் தட்டி வைத்தோம். அதன் அடியில் நம் பெயரையும் அச்சிட்டுக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

ஆகஸ்டு மாதத்தில் அவர் பயிற்சியில் தோற்றார். நிறுவனம் வெளியே அனுப்பிவிட்டது. இரவுப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் இரவு, ஊரடங்கிய பிறகு, தந்தையார் தாமே போய் அத்தட்டியை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்தார். மழைக்காலம் முழுவதும் அது அவர்கள் வீட்டு விறகின் மேல் கிடந்தது. படம் கீழ்ப்புறமாக இருக்கும்படி மூடியிருந்தார்கள்.

அந்தப் பயிற்சி எத்தகையது என்று சொல்ல வேண்டும். பறத்தல் பள்ளியில் ஓட்டுவது செஸ்னா போன்ற சிறு விமானம். அது தரையிறங்க வரும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 65 கடல் மைல். ஏர்பஸ் 320 வருவதோ சுமார் 135 கடல் மைல் வேகத்தில். சிறு விமானத்தில் சிந்திக்கக் கிடைத்த நேரம் இதில் பாதியாகிவிடும். ஆகவே, உரிமம் பெற்றவரையும் குறிப்பிட்ட வகை விமானத்துக்கென்று தனியே பயிற்றுவிக்கிறார்கள். சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானி அறையில் ஒரு வேளைக்கு நான்கு மணி நேரம் இருவர் அமர்வார்கள். பாதி நேரம் ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிப்பார். பிறகு இருவரும் பணியை மாற்றிக்கொள்வார்கள். மேலெழும்பும் நொடியில் ஓர் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். புகை வரச் செய்வார்கள். ஓடுபாதை மேகத்தில் மறையும். இறுதியில் தேர்வு.

தம்பி முதல் தேர்வில் எஞ்சின் அணைந்தபோது விமானத்தை நேராக நிறுத்தத் தவறினார். கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் முறை அதைச் சரியாகச் செய்தார். எனினும் வேறொன்றில் தோற்றார். அது இன்னதென்று அப்போது நமக்குத் தெரியாது. அவருக்கும் தெளிவாகத் தெரியாது. “கை சரியில்லை, சார்” என்று மட்டும் சொன்னார்.

நாம் என்ன செய்தோம்? கேட்பவர்களிடம் நிறுவனத்தில் தாமதம் என்று சொல்லச் சொன்னோம். அடுத்த விண்ணப்பத்தில் அந்நிறுவனத்தின் பெயரையே எழுதாதே என்றும் சொன்னோம். ஊராரின் பேச்சுக்கு அஞ்சிச் சொன்ன யோசனை அது. தலைமையாசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தம்பி அப்படியே செய்தார். 2020 ஜனவரியில் வேறொரு நிறுவனத்தின் நேர்காணலில், உரிமம் வாங்கியபின் இத்தனை மாதங்கள் என்ன செய்தீர் என்று கேட்டார்கள். தம்பிக்கு நாக்குழறிவிட்டது. அன்றே அனுப்பிவிட்டார்கள்.

மறைத்தது எத்துணைப் பெரிய பிழை என்பதைப் பின்னர்ப் படித்துத்தான் அறிந்தோம். 2009 பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்காவில் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதன் கேப்டன் முன்பு சில பறப்புத் தேர்வுகளில் தோற்றிருந்தார்; அவற்றில் சிலவற்றை வேலைக்குச் சேரும்போது தெரிவிக்கவில்லை. 2019 பிப்ரவரி 23ஆம் நாள் டெக்சாஸில் அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து மூவர் மாண்டனர். அதன் துணை விமானியும் முன்பு வேலை பார்த்த நிறுவனங்களில் பயிற்சியில் தவறியதை முழுமையாகத் தெரிவிக்கவில்லை என்று விசாரணையில் வெளிப்பட்டது. விமானிகளின் பயிற்சிப் பதிவுகளை நிறுவனங்கள் பார்ப்பதற்கென்றே ஒரு பொதுப் பதிவேட்டை அந்நாடு 2021ல் விதியாக்கியது. தோற்றவர் எல்லோரும் ஆபத்தானவர் என்பதல்ல இதன் பொருள். எங்கே தோற்றார் என்று தெரிந்தால் அங்கே பயிற்றுவிக்கலாம். தெரியாவிட்டால் அக்குறை பயணிகளோடு சேர்ந்தே வானில் ஏறுகிறது.

நேர்காணலுக்குப் பின் தம்பி பழைய நிறுவனத்துக்கு எழுதித் தம் பயிற்சிக் குறிப்பின் படியைக் கேட்டார். பிப்ரவரியில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை இருவரும் அகராதி வைத்துக்கொண்டு படித்தோம். கையைப் பற்றி அதில் பெரிய குறையொன்றும் இல்லை. கண்காணிக்கும் இருக்கையில் இருக்கும்போது பிழையைக் கண்டும் உரக்கச் சொல்வதில்லை. கேப்டன் செயலற்றுப்போனது போல் நடித்தபோது விமானத்தைத் தன் கையில் எடுக்கவில்லை. இதுதான் குறிப்பு.

விமானி அறையில் ஒரு முறைமை உண்டு. வேகம் தவறினால் கண்காணிப்பவர் “ஸ்பீட்” என்று சொல்ல வேண்டும். மற்றவர் பதில் சொல்லித் திருத்த வேண்டும். இருமுறை சொல்லியும் பதிலில்லையானால், “ஐ ஹாவ் கன்ட்ரோல்” என்று சொல்லிவிட்டு விமானத்தைத் தானே ஓட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் முப்பதாண்டு அனுபவமுள்ள கேப்டனாயினும் இதுவே முறை.

1977 மார்ச் 27ல் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். எதிர் விமானம் பாதையை விட்டு விலகியதா என்று பொறியாளர் ஐயுற்றுக் கேட்டார். மூத்த கேப்டன் அதை மதியாமல் மேற்சென்றார். நம் நாட்டில் 2010 மே 22ல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், இறங்காமல் மேலெழும்புமாறு துணை விமானி ஒரு முறைக்கு மேல் கூறியது ஒலிப்பதிவில் இருக்கிறது. கூறினார், ஆனால் விமானத்தைத் தம் கையில் எடுக்கவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளை ஆராய்ந்துதான், 1979ல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கூட்டிய கருத்தரங்கு முதலாக, விமானி அறையில் பேசுவதையே ஒரு பாடமாக வைத்தார்கள்.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறோம். நம் பாட்டனார் காலத்தில், மேல்தெரு ஆட்கள் வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் பொத்தி நின்றார்கள். தந்தையார் காலத்தில் துண்டு தோளுக்கு வந்தது. வாய் மட்டும் முழுதாகத் திறக்கவில்லை. சரி, அது ஊர் செய்த கொடுமை. பள்ளியில் நாம் செய்தது என்ன? ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைத் தவறாகப் போட்டாலும் எழுந்து சொல்லாத பிள்ளையையே நல்ல பிள்ளை என்றோம். ஒன்பதாம் வகுப்பில் இந்தத் தம்பிக்கு நன்னடத்தைப் பரிசு கொடுத்தோம். சான்றிதழில் “அமைதியானவர்” என்று நம் கையாலேயே எழுதினோம். அந்த அமைதிதான் சிமுலேட்டரில் அவரை வீழ்த்தியது.

மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தது. 2020 மார்ச்சு 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்றன. உரிமமுள்ள விமானிகள் பலரே வேலையிழந்து நின்ற காலம் அது. தம்பி பகலில் தந்தையாரோடு சித்தாள் வேலைக்குப் போனார். மாலையில் நம் வீட்டு மாடிக்கு வருவார். விமானி அறையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். எதிரே இரண்டு நாற்காலிகள். இடப்பக்க நாற்காலியில் நாம் கேப்டன்! சரிபார்ப்புப் பட்டியலை நமது ஆங்கிலத்தில் படிப்போம். வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டுவோம். வேகத்தை ஐந்து, பத்து என்று கூட்டிச் சொல்வோம். அவர் மறிக்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஒரு நாளும் மறிக்கவில்லை. “சார், ஒரு வரி விட்டுப்போச்சு போலிருக்கு” என்று மெல்ல இழுப்பார். அதற்குள் நம் விமானம் தரையில் மோதியிருக்கும். நாற்காலியைத் தட்டி, “நாமிருவரும் செத்துவிட்டோம், தம்பி” என்போம். நம் துணைவியார் கீழிருந்து இதைக் கேட்டுப் பயந்த நாளும் உண்டு. ஏறக்குறைய ஒரு மாதம் சென்றபின் ஒரு மாலை, நாம் உண்மையாகவே கவனமின்றி ஒரு வரியைத் தவறவிட்டோம். அவர் நம்மை நேராகப் பார்த்து உரத்த குரலில் நிறுத்தினார். உடனே எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். உட்காரச் சொன்னோம். மன்னிப்புக் கேட்பதை விடுவதற்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கருவிவழிப் பறத்தலுக்கான தகுதியையும் மருத்துவச் சான்றையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டும் காலாவதியாகிக் கிடந்தன. கையில் உரிமம் இருந்தும் பறக்க முடியாத நிலை. சங்கத்தில் கேட்க வழியில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம். உறுப்பினர் நால்வர் தம் சொந்தப் பொறுப்பில் பணம் கொடுத்தார்கள். தகுதிகளைப் புதுப்பித்து, துணைப் பயிற்றுநர் தகுதியும் பெற்று, 2021ல் வடநாட்டுப் பறத்தல் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். சம்பளம் சொற்பம். ஆனால் பயிற்றுநரின் வேலையே பிழையைக் கண்ட நொடியில் வாய்திறப்பதுதான். கற்றுக்குட்டி தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்தும்போது மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? இரண்டாண்டில் அறுநூறு மணி நேரத்துக்குமேல் பறந்தார்.

அதன்பின் எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 2019ஆம் ஆண்டை எழுதினார். பயிற்சிக் குறிப்பின் படியையும் இணைத்தார். எங்கே தோற்றேன், அதன்பின் என்ன செய்தேன் என்று அரைப்பக்கம். பழைய நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல்லும் குறையாக எழுதவில்லை. இரண்டு நிறுவனங்கள் மறுத்தன. மூன்றாவது நிறுவனம் 2023ல் அழைத்தது. அது ஏ.டி.ஆர். என்னும், எழுபது பேருக்கு மேல் அமரும், விசிறி சுழலும் விமானங்களை ஓட்டுவது. நேர்காணலில் பெரும்பகுதி அந்த அரைப்பக்கத்தைப் பற்றியே நடந்ததாம். சிமுலேட்டரில் தேறி, பயிற்சிக் கேப்டன்களோடு பயணிகள் விமானத்தில் பறந்து, 2024ல் முழுத் துணை விமானியாக விடுவிக்கப்பட்டார்.

இளைஞர்களிடம் தோல்வியைப் பேசும்போது அப்துல் கலாம் அவர்களைச் சொல்வது வழக்கம். விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவதாக வந்தார் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அவர் வேறு துறைக்குச் சென்று உயர்ந்தவர். அதே கதவை மீண்டும் தட்டியவர் வேண்டுமென்றால் அண்ணல் அம்பேத்கரைச் சொல்லலாம். இலண்டனில் அவர் 1922ல் அளித்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்தி அளித்து 1923ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் பெற்ற பட்டங்களை ஆண்டுதோறும் அடுக்கிச் சொல்கிறோம். திருத்தி எழுதிய அந்த மாதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனிச் சங்கத்துக்கு வருகிறோம். 2019 அக்டோபரில் கூடிய செயற்குழு, விமானிப் படிப்புக்கு இனிக் கடன் தருவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தொகையில் செவிலியர் படிக்கும் பெண்கள் நால்வருக்கு உதவியிருக்கலாம் என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார். நியாயமான பேச்சு, இன்றும் அதை நாம் மறுக்கவில்லை. சங்கத்தின் பணம் கூலி வேலை செய்வோர் மாதந்தோறும் கொடுத்த பணம். ஆனால் அன்று தம்பியின் தந்தையார் வாசற்படியருகே அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாமும் அத்தீர்மானத்துக்குக் கை உயர்த்தினோம்.

2024 ஜூன் முதல் மாதம் ஐயாயிரம் ரூபாய் வீதம் சங்கக் கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் நம் தெருவிலிருந்து ஒரு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்தவர், முதல் வகுப்பு மருத்துவச் சான்றையும் வாங்கிக்கொண்டு, விண்ணப்பப் படிவம் கேட்டு வந்தார். தீர்மானம் நடப்பில் இருப்பதால் படிவம் கொடுக்க இயலவில்லை. அதை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனுவைச் செயலாளரிடம் அளித்திருக்கிறோம். வரும் பொதுக்குழுவில் அது ஆறாவது பொருளாக எடுத்துக்கொள்ளப்படும். உறுப்பினர்கள் தவறாது வந்திருந்து தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம்; நம் கருத்துக்கு மாறாக இருந்தாலும் உரக்கச் சொல்லுங்கள்.